இதய உறையில் நீர்க்கட்டி: திடீர் நெஞ்சு வலிக்கு அது காரணமாகுமா?

காங்கேயத்தை அடுத்த ஒரு ஊரிலிருந்து சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. தேங்காய்க் களத்தில் மூட்டை தூக்கும் அவருடைய கணவருக்கு வயது 41. ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சின் வலப்பக்கம் திடீரென்று வலி பிடித்திருக்கிறது. மூச்சை இழுத்தால் கூடியிருக்கிறது. வலத் தோள்பட்டை வரை ஏறியிருக்கிறது. மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி.யும், இதயத் தசை பழுதானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற பொருளைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை பார்த்த ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பு இல்லை என்று காட்டியுள்ளன. எக்ஸ்ரேயில் இதயத்தின் வலது ஓரத்தில் ஒரு நிழல் தெரிந்து, சி.டி. ஸ்கேன் எடுத்தபோது 7 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு நீர்க்கட்டி தென்பட்டிருக்கிறது. ‘பெரிகார்டியல் சிஸ்ட்’, அதாவது இதய உறை நீர்க்கட்டி என்று எழுதி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வலிக்கு இதுதான் காரணமா, இது புற்றுநோயா, ஒரு மருத்துவர் சொன்னதுபோல் ஊசி வழியே நீரை எடுத்துவிட்டால் போதுமா, அறுவை செய்தே ஆக வேண்டுமா, அவர் மறுபடியும் மூட்டை தூக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். வீட்டில் ஆட்டுப்பட்டி இருக்கிறது என்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். கடிதத்தில் அந்த ஒரு வரி எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

கோவையில் நெஞ்சக அறுவை மருத்துவராகப் பணிபுரிபவன் என்ற முறையில், அச்சம் தரும் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். இதய உறை நீர்க்கட்டி புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறும் இயல்பும் அதற்கு இல்லை. ஸ்கேனில் தெரிந்தது உண்மையிலேயே இதய உறை நீர்க்கட்டிதானா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு இந்த ஆறுதல் முழுமையானது. அடுத்ததாக, வலிக்கு இந்தக் கட்டி காரணமாக இருக்கக்கூடும். ஆனால், நெஞ்சு வலி வந்த நாளில் ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்துவிட்டது என்பதாலேயே வலியை அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. இந்தப் பதிலில் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்.

இந்தக் கட்டி ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மருத்துவ நூல்கள் வழக்கமாகத் தரும் கணக்கு. அப்படி இருப்பவர்களிலும் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். பாதிப் பேர் முதல் முக்கால்வாசிப் பேர் வரை, வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் கட்டி இருப்பதை அறிகிறார்கள். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் கண்டறியப்படுகிறது. நெஞ்சு வலியோ எல்லா ஊரிலும் எல்லா நாளும் வருவது. அரிதான ஒன்றும் அன்றாடம் வரும் ஒன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து தென்படும்போது, இரண்டும் தற்செயலாகச் சந்தித்திருக்கவும் கூடும் என்பதை மருத்துவரும் குடும்பத்தாரும் சேர்ந்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, உயிரைப் பறிக்கக்கூடிய காரணங்கள் எல்லாம் விலக்கப்பட்டனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மாரடைப்பு, பெருந்தமனிச் சுவர் கிழிதல், நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தல், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அழுத்துதல், உணவுக்குழாய் கிழிதல், இதய உறையின் அழற்சி ஆகியவை அந்த வரிசையில் வருகின்றன. நெஞ்சு வலியோடு வருபவருக்கு வாசலை மிதித்த 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் மட்டும் மாரடைப்பு இல்லை என்றாகிவிடாது. ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அதனால்தான் உங்கள் கணவருக்கு அதை இருமுறை பார்த்திருக்கிறார்கள், அது சரியான செயல். நீங்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, படத்தில் ரத்தக்குழாய்களைத் தெளிவாகக் காட்டும் மருந்தை ரத்தக்குழாயில் செலுத்தி எடுத்தார்களா, சும்மா எடுத்தார்களா? உரிய நேரத்தில் மருந்து செலுத்தி எடுத்த படத்தில்தான் பெருந்தமனிக் கிழிசலையும் நுரையீரல் தமனி அடைப்பையும் இல்லை என்று துணிந்து சொல்ல முடியும். கட்டியின் சுவர் மருந்தை ஈர்க்கிறதா என்பதும் அதில்தான் தெரியும்.

இந்த இடத்தில் நம் பகுதி மக்களுக்காக ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. உங்கள் கடிதத்தில், மாமனார் இதை ‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லி, சோடா வாங்கிக் கொடுத்து, சுக்குக் கஷாயமும் போட்டுக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் புறப்பட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரம் உங்கள் கணவருக்குக் கேடாக முடியவில்லை, வேறொருவருக்கு முடிந்திருக்கும். மாரடைப்பில் இதயத் தசை நிமிடக் கணக்கில் பட்டுப்போகிறது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் வழியே, மாரடைப்பு என்று சந்தேகம் எழுந்தால் உடனே கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளும், தாளவாடியிலிருந்து திம்பம் வழியே 27 வளைவுகளும் இறங்கி வர வேண்டியவர்கள், பெரிய மருத்துவமனை வரும் வரை காத்திராமல், முதலில் ஈ.சி.ஜி. எடுக்கக் கிடைக்கும் இடத்தில் நின்று எடுத்துக்கொண்டு புறப்படுவதே நல்லது.

இனி கட்டியைப் பற்றிச் சொல்கிறேன். இதயத்தைச் சுற்றி இரண்டு அடுக்கான ஓர் உறை இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே 15 முதல் 50 மில்லி வரை வழவழப்பான நீர் இருந்து, இதயம் உரசலின்றித் துடிக்க உதவுகிறது. கரு உருவாகும் தொடக்க வாரங்களில், சிறு சிறு இடைவெளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துதான் இந்த உறை அமைகிறது. அவற்றில் ஒன்று மற்றவற்றோடு சேராமல் தனித்து நின்றுவிட்டால் அது நாளடைவில் நீர்க்கட்டியாகிறது என்பது 1940-ல் லாம்பர்ட் என்ற மருத்துவர் முன்வைத்த விளக்கம். உறையின் முன்பக்கத்து மடிப்பு ஒன்று மறையாமல் தங்கிவிடுவதால் உண்டாகிறது என்று பின்னர் வேறு சிலர் விளக்கினார்கள். எப்படியாயினும் இது பிறவியிலேயே விதைக்கப்பட்டது. மூட்டை தூக்கியதாலோ, உண்ட உணவாலோ, செய்த பழக்கத்தாலோ வந்ததன்று. காசநோய் போன்ற அழற்சிக்குப் பின்னரும், நெஞ்சில் பலத்த அடிபட்ட பின்னரும், இதய அறுவைக்குப் பின்னரும் இதுபோன்ற கட்டிகள் தோன்றுவது உண்டு என்றாலும் அவை குறைவு. கட்டியின் சுவர் மிக மெல்லியது, உள்ளே ஒற்றை அடுக்குச் செல்கள் மட்டுமே இருக்கும். நீர் பெரும்பாலும் நிறமின்றித் தெளிவாக இருக்கும். இதயமும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் கூடும் மூலையில், வலப்பக்கத்தில் மிகுதியாகவும் இடப்பக்கத்தில் அதற்கடுத்தும் காணப்படும். உங்கள் கணவருக்கு இருப்பது இந்தக் கட்டிக்கே உரிய வழக்கமான இடம்.

அமைதியாகக் கிடக்கும் ஒன்று திடீரென்று எப்படி வலிக்கும்? இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. தெளிந்த நீர் நிறைந்த பைக்குத் தானாக வலிக்கும் திறன் இல்லை. அது தொட்டுக்கொண்டிருக்கும் இதய உறையின் வெளி அடுக்குக்கும் நுரையீரல் உறைக்கும் நரம்பு உண்டு. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி, இதய உறையின் பக்கவாட்டில் ஒட்டியபடியே செல்கிறது. தோள்பட்டைத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்புகளும் கழுத்தில் அதே மட்டத்திலிருந்து கிளம்புகின்றன. ஆகையால் இதய உறையின் ஓரத்தில் எரிச்சல் உண்டானால் வலி தோள்பட்டையில் தெரிவது இயற்கை. உங்கள் கணவர் சொன்ன வலி இந்த விவரத்துக்குப் பொருந்துகிறது.

திடீர் வலி வர வேண்டுமானால் கட்டிக்குள்ளோ கட்டியைச் சுற்றியோ ஏதாவது ஒரு மாற்றம் நடந்திருக்க வேண்டும். சில கட்டிகளுக்குக் காம்பு போன்ற பிடிப்பு உண்டு. அது முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கடும் வலி எடுக்கும். சிலவற்றில் உள்ளே ரத்தம் கசிந்து, கட்டி சில மணி நேரத்திலேயே பருத்து, சுற்றியுள்ள உறையை இழுக்கும். கிருமி புகுந்து சீழ் பிடித்தால் வலியோடு காய்ச்சலும் வரும். கட்டி உடைந்து நீர் நுரையீரல் உறைக்குள் கசிந்தால் மூச்சோடு கூடும் குத்தல் வலி வரும். ரத்தம் கசிந்த கட்டி இதய உறைக்குள் உடைந்தால், இதயம் விரிய இடமில்லாமல் நசுங்கி, ரத்த அழுத்தம் வீழ்ந்து, கழுத்து ரத்தக்குழாய்கள் புடைத்து, ஆளையே சாய்த்துவிடும். இது மிக அரிது, ஆனால் வந்தால் உடனே செயல்பட வேண்டியது. இவை தவிர, பெரிய கட்டி மெல்ல மெல்ல இதயத்தின் வலது மேலறையையோ மூச்சுக்குழாய்க் கிளையையோ அழுத்தி, மூச்சு வாங்குதலையும் விடாத இருமலையும் படபடப்பையும் தருவதும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பக்கமாகப் படுத்தால் தொந்தரவு கூடும், மறுபக்கம் திரும்பினால் தணியும்.

உள்ரத்தக் கசிவைப் பற்றி மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மாரடைப்பு என்ற சந்தேகத்தில் ரத்தம் உறையாதிருக்கும் மருந்துகளைத் தொடங்குவது சரி, தயங்கக் கூடாது. ஆனால் மாரடைப்பு இல்லை என்று உறுதியாகி, எக்ஸ்ரேயில் இப்படி ஒரு நிழலும் தெரிந்துவிட்டால், அந்த மருந்துகளை அப்படியே தொடர்வதற்கு முன் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். உங்கள் கணவருக்குக் கொடுத்திருக்கும் மாத்திரைகளில் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எதற்காகத் தொடர வேண்டும் என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இந்த வலிக்கு இந்தக் கட்டிதான் காரணம் என்று எப்போது ஏற்கலாம்? வலி வந்த இடமும் கட்டி இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டியில் மாற்றத்தின் அடையாளம் ஏதேனும் தெரிய வேண்டும்: உள்ளிருக்கும் நீரின் அடர்த்தி கூடியிருப்பது, சுவர் தடித்திருப்பது, இதய உறையிலோ நுரையீரல் உறையிலோ புதிதாக நீர் கோத்திருப்பது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகள் உயர்ந்திருப்பது போன்றவை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய எக்ஸ்ரே ஒன்று கிடைத்தால் அதைவிடப் பெரிய சான்று வேறில்லை. உங்கள் கணவருக்கு எப்போதாவது இருமலுக்காகவோ, வேலைக்குச் சேரும்போதோ, காசநோய்ப் பரிசோதனைக்காகவோ நெஞ்சுப் படம் எடுத்திருந்தால், பீரோவைத் துழாவியாவது அதை எடுத்து வாருங்கள். ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய படத்திலும் இதே நிழல் இதே அளவில் இருந்தால், கட்டி அத்தனை காலமும் சும்மாதான் இருந்திருக்கிறது. இப்போதும் அதில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால், வலிக்கு வேறு இடத்தில் காரணம் தேட வேண்டும் என்றே நான் சொல்வேன். நிழல் அப்போது சிறியதாக இருந்து இப்போது பெரியதாகியிருந்தால் கதையே வேறு.

வேறு இடம் என்று சொன்னதில் இரண்டை விட்டுவிடக் கூடாது. முதலாவது, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசை. நாள் முழுதும் மூட்டை தூக்குபவருக்கு அங்கே பிடிப்பு ஏற்படுவது சாதாரணம். விரலால் அழுத்தும்போது அதே வலி வருகிறதா என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. இரண்டாவது, வயிறு. பித்தப்பையில் கல் இருந்தாலும், கல்லீரலில் சீழ்க்கட்டி இருந்தாலும், வலி வலப்பக்க நெஞ்சின் அடியில் தொடங்கி வலத் தோள்பட்டைக்கே ஏறும். மூச்சை இழுத்தால் கூடவும் செய்யும். நரம்பு அதே நரம்புதான். உங்கள் கடிதத்தில் வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்ததாகக் குறிப்பு இல்லை. அதை அவசியம் எடுக்கச் சொல்கிறேன். அது இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும்.

அந்தக் காரணம் உங்கள் ஆட்டுப்பட்டி. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆடு மேய்ப்பவர்கள் வீட்டில் பட்டிக்கு ஒரு காவல் நாயாவது இருக்கும். நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை அதன் மலத்தின் வழியே மண்ணில் விழுகிறது. மேயும் ஆட்டுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளர்கிறது. அந்த ஈரலை நாய் தின்னும்போது மறுபடியும் புழுவாகிறது. கெடா வெட்டும் நாளில் கட்டி விழுந்த ஈரலையும் நுரையீரலையும் ‘இது ஆகாது’ என்று அறுத்துத் தூர எறிவதும், நாய்கள் அதைக் கவ்விக்கொண்டு ஓடுவதும் நாம் எல்லோரும் பார்த்ததுதான். புழுவின் வட்டம் சுழல்வது அந்த இடத்தில்தான். அந்த முட்டை கை வழியாகவோ கழுவாத காய்கறி வழியாகவோ மனிதனுக்குள் போனால், ஆட்டுக்கு வருவதுபோலவே கட்டி வருகிறது. இதை ஹைடாடிட் கட்டி என்கிறோம். பெரும்பாலும் கல்லீரலில்தான் வரும், அடுத்து நுரையீரலில். இதயத்திலும் அதன் உறையிலும் வருவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டுமே. அரிதுதான். ஆனால் வெளித்தோற்றத்தில் அதுவும் ஒரு நீர்க்கட்டிதான், தொடக்க நிலையில் அதன் சுவரும் மெல்லியதாகவே தெரியும். அதற்குள் ஊசியை விட்டு நீர் வெளியே கசிந்தால், கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். நெஞ்சு முழுதும் புதிய கட்டிகள் விதைக்கப்படவும் கூடும்.

எனவே ஆடும் நாயும் உள்ள வீட்டைச் சேர்ந்த ஒருவருக்கு, ஹைடாடிட் இல்லை என்று தீர விசாரிக்காமல் கட்டிக்குள் ஊசி விடச் சம்மதிக்க வேண்டாம். கல்லீரலை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது, இந்தப் புழுவுக்கு எதிரான ரத்தப் பரிசோதனை செய்வது, சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் கட்டிக்குள் சிறு கட்டிகளோ மிதக்கும் சவ்வோ சுவரில் சுண்ணாம்புப் படிவோ தெரிகிறதா என்று கூர்ந்து பார்ப்பது ஆகிய மூன்றும் நடக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை மட்டும் ‘இல்லை’ என்று வந்தால் போதாது. நோய் இருந்தும் அது இல்லை என்று காட்டும் நேரங்கள் உண்டு. ஹைடாடிட் என்று தெரிந்தால் சிகிச்சையின் பாதையே மாறும். அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரையில் தொடங்கி, பழக்கமுள்ள குழு திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. உங்கள் கணவருக்கு எது வந்திருந்தாலும் சரி, கால்நடை மருத்துவரைக் கேட்டுப் பட்டி நாய்க்கு முறையாகக் குடற்புழு மருந்து கொடுங்கள். வெட்டிய ஆட்டின் கழிவை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

காசநோயையும் இதே மூச்சில் கேட்டுவிட வேண்டும். பெருந்துறையில் காசநோய்க்கென்றே சானடோரியம் அமைத்து நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்த பகுதி நம்முடையது. அந்த நோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. இதய உறையில் காசநோய் வந்தால் நீர் ஒரு மூலையில் தேங்கி நின்று, கட்டி என்றே தோன்றும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், குடும்பத்தில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்தது போன்ற விவரங்கள் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஸ்கேன் எதைக் காட்டினால் நிம்மதி கொள்ளலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சி.டி.யில் திசுவின் அடர்த்தியை ஓர் எண்ணால் குறிப்பார்கள். சுத்தமான நீருக்கு அது 0. சாதாரண இதய உறை நீர்க்கட்டி பெரும்பாலும் 0 முதல் 20 வரை இருக்கும், சிலவற்றில் 30, 40 வரை போவதும் உண்டு. புதிதாக ரத்தம் கசிந்திருந்தால் எண் அதற்கும் மேலே ஏறும். சுவர் மெல்லியதாகவும் ஒரே சீராகவும் இருந்து, செலுத்திய மருந்தை ஈர்க்காமல் இருந்தால் நல்லது. சந்தேகம் மிஞ்சினால் எம்.ஆர்.ஐ. அதைத் தீர்க்கும்; உள்ளிருப்பது வெறும் நீரா, ரத்தமா, கெட்டியான திசுவா என்பதை அது நன்றாகப் பிரித்துக் காட்டும். ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனை, கட்டி இதய அறைகளை அழுத்துகிறதா என்பதையும், இதயத்தைச் சுற்றி நீர் சேர்கிறதா என்பதையும் கதிர்வீச்சு இல்லாமல் திரும்பத் திரும்பப் பார்க்க உதவும். இதே மூலையில் வெறும் கொழுப்புத் திரட்சியும், உதரவிதானத்தின் முன்பக்கப் பிளவு வழியே மேலேறிய வயிற்றுக் கொழுப்போ குடலோ இருப்பதும் எக்ஸ்ரேயில் இப்படியே தெரியும், சி.டி. அவற்றைப் பிரித்துவிடும்.

சிகிச்சைக்கு வருவோம். தொந்தரவு தராத சிறிய கட்டியை ஒன்றும் செய்யாமல் கண்காணிப்பதே சரியான சிகிச்சை. வழக்கமாக 6 மாதத்தில் ஒருமுறையும், மாற்றம் இல்லையென்றால் அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ எக்கோவில் பார்த்தால் போதும். தானே சுருங்கி மறைந்த கட்டிகளும் உண்டு. வலி தந்த கட்டி, வளரும் கட்டி, இதயத்தை அழுத்தும் கட்டி, இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாத கட்டி ஆகியவற்றுக்குத்தான் தலையீடு வேண்டும்.

ஊசி வழியே நீரை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அறிகுறி உள்ள கட்டிக்கு முதலில் அதைச் செய்து, வேண்டுமானால் சுவர் ஒட்டிக்கொள்ள ஆல்கஹாலும் செலுத்தலாம் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2004-ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொன்னது. வயது முதிர்ந்தவருக்கும், மயக்க மருந்தைத் தாங்க முடியாதவருக்கும், உயிர் போகும் அவசரத்திலும் அது அருமருந்து. ஆனால் நீரை மட்டும் எடுத்தால் பை அங்கேயே இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மறுபடியும் நிறைந்துவிடுகிறது. உங்கள் கணவருக்கு வயது 41, உடலால் உழைப்பவர், ஆட்டுப்பட்டி உள்ள வீடு, கட்டியின் அளவு 7 சென்டிமீட்டர். வலிக்குக் கட்டிதான் காரணம் என்று மேலே சொன்ன வழியில் உறுதிப்பட்டால், ஊசியை விட நுண்துளை அறுவையில் முழுதாக எடுத்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். காரணம் என்று உறுதிப்படவில்லை, கட்டியும் அசையாமல் இருக்கிறது என்றால் இப்போது எதுவும் செய்ய வேண்டாம் என்பதும் என் கருத்து. ஒரு பரிசோதனையில் தெரிந்துவிட்டதே என்ற பயத்துக்காக மட்டும் அறுவை செய்துகொள்வதை நான் ஆதரிப்பதில்லை.

அறுவையைப் பற்றிய பயம் நியாயமானது, அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இந்தக் கட்டியை முதன்முதலில் அறுவை செய்து எடுத்தவர் பிக்கார்ட் என்ற மருத்துவர், அது 1931-ல். அன்று நெஞ்சைப் பெரிதாகத் திறந்தே செய்ய முடிந்தது. இன்று விலாவுக்கு இடையே இரண்டு மூன்று சிறு துளைகளும் ஒரு கேமராவும் போதும். நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வலது நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தினால் அது சுருங்கி இடம் விடும். திரையில் இதயத்தின் துடிப்போடு சேர்ந்து மெல்ல அசையும் நீலம் பாரித்த பை ஒன்று தெரியும். சுவர் அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் உள்ளிருக்கும் நீரின் ஊடாக வெளிச்சம் பாயும். அதன் ஓரமாக, கழுத்திலிருந்து உதரவிதானம் வரை வெள்ளை நூலாக ஓடும் நரம்புதான் அறுவை முழுதும் எங்கள் கவலை. அது அறுபட்டால் உதரவிதானத்தின் ஒரு பாதி செயலிழந்து, மூட்டை தூக்கினால் மூச்சு வாங்கும் நிலை வந்துவிடும். ஆகவே பை நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டுச் சுவரை அப்படியே விட்டுவிட்டு மற்றதை எடுப்போம். எடுத்த சுவரும் நீரும் பரிசோதனைக்குப் போகும். செல்களும் கிருமியும் காசநோயும் பார்க்கப்படும். நெஞ்சில் வைக்கும் குழாய் ஓரிரு நாளில் எடுக்கப்படும், சிக்கல் இல்லாவிட்டால் சில நாட்களில் வீடு திரும்பலாம். முழுதாக எடுத்த கட்டி மறுபடி வருவது அரிது.

மூட்டை தூக்குவதைப் பொறுத்தவரை, வலிக்கான காரணம் தெளிவாகும் வரை அவர் தூக்கக் கூடாது. கட்டி மூட்டை தூக்கியதால் வந்ததில்லை என்றாலும், உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது நெஞ்சில் பாரமோ அடியோ படுவது கூடாது. களத்தில் கணக்கு எழுதும் வேலையோ, காயப்போட்டதைக் கிளறிவிடும் வேலையோ தற்காலிகமாகக் கொடுக்கும்படி முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்; மருத்துவச் சான்று கேட்டால் உங்கள் மருத்துவர் தருவார். அறுவை செய்துகொண்டால் பாரம் தூக்குவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் பொறுக்க வேண்டும். கட்டி சும்மா இருக்கிறது, வலி தசையிலோ பித்தப்பையிலோ வந்தது என்று முடிவானால், அந்தக் காரணத்துக்கு உரிய சிகிச்சைக்குப் பின் அவர் பழைய வேலைக்கே போகலாம்.

இடையில் மறுபடியும் திடீர் வலி வந்தாலோ, மயக்கமோ மூச்சுத் திணறலோ குளிர்ந்த வியர்வையோ கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, கழுத்து ரத்தக்குழாய்கள் புடைத்தோ முகம் வீங்கியோ தெரிந்தாலோ, ‘அந்தக் கட்டி வலிதான்’ என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். கட்டி இருப்பவருக்கும் மாரடைப்பு வரும். ஒவ்வொரு முறையும் ஈ.சி.ஜி.யிலிருந்தே தொடங்க வேண்டும். 108-ஐ அழைத்தவுடன் கட்டியைப் பற்றியும் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரத்துக்குள் இதயநோய் மருத்துவரும் நெஞ்சக அறுவை மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு, இந்த அறுவை அதில் சேருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சி.டி. ஸ்கேனின் எழுத்தறிக்கை மட்டும் போதாது. படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அதோடு வலி வந்த நாளின் ஈ.சி.ஜி., இரண்டு ட்ரோபோனின் முடிவுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், கிடைத்தால் அந்தப் பழைய எக்ஸ்ரே, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பட்டியில் ஆடும் நாயும் இருப்பதை மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அம்மணி.